ஐந்து வயது வரை பேசாத பிள்ளை... பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர்!

மூணு வயசாகியும் பிள்ளை அம்மான்னு கூப்பிடலைன்னா அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? தென்னேரிப் பக்கத்துக்காரர்களுக்கு, காஞ்சி காமாட்சி அருளால் பேச்சு வந்து 500 சுலோகங்கள் பாடிய மூகரின் கதை தெரிந்திருக்கும். அதேபோல ஒரு கதை தெற்கே ஸ்ரீவைகுண்டத்திலும் உண்டு. 17-ம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குமரகுருபரரின் கதை அது.

அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர், அம்மா சிவகாமசுந்தரி. கவிராயர் வீட்டில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. ஆனால், பிள்ளைக்கு ஐந்து வயது வரை பேச்சே வரவில்லை. திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் முருகன் சந்நிதியில் விரதம் இருந்தார்கள். அங்கே பிள்ளை வாய் திறந்தான், திறந்ததுமே கந்தர் கலிவெண்பாவைப் பாடினான் என்கிறது மரபு. அற்புதம் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். பேச்சாக வராதது பாட்டாக வரும் என்று நம்ம ஊர்க்காரங்க அப்பவே ஒரு கதையில் சொல்லிவெச்சிருக்காங்களே, எனக்கு அதுதான் ஆச்சர்யம்.

வளர்ந்த குமரகுருபரர் மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். பிறகு வைத்தீசுவரன்கோயில் முருகனுக்கும் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். குழந்தை எப்படி வளர்கிறது என்பதைப் பருவம் பருவமாகப் பாடுவதுதான் பிள்ளைத்தமிழ். தாலப் பருவத்தில் தாலாட்டு. தால் என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் அந்தப் பெயர். சப்பாணியில் கைதட்டல், முத்தப் பருவத்தில் உதடு, அம்புலியில் நிலாவைக் காட்டிக் கூப்பிடுவது. ஐந்து வயது வரை பேசாதிருந்தவர் இந்தப் பருவங்களைத் தேடிப் பிடித்துப் பாடினார் என்றால் சும்மாவா?

இன்றைய பேச்சுப் பயிற்சி அறையிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. வார்த்தையை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டுவார்கள். பழகிய பாட்டைப் பாடி, கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். அவசரப்படக் கூடாது, பத்து எண்ணும் வரை காத்திருக்கணும். ஒரு முனகல், ஒரு பார்வை வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு பாட்டை முடிக்கணும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள் பாட்டை மட்டும் பாடுவதைக் கவனித்து, 1973-ல் பாஸ்டன் மருத்துவர்கள் ராகம் போட்டுப் பேசவைக்கும் பயிற்சியை வெளியிட்டார்கள். பின்னாளில் அது குழந்தைகளிடமும் முயன்று பார்க்கப்பட்டது.

ஆனால் ஒண்ணு, குமரகுருபரர் கதையை நம்பி ஐந்து வயது வரை காத்திருக்காதீங்க. இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றாலே முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கணும். மாவட்ட அளவில் அரசின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. பாட்டு அந்தச் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லை.

குமரகுருபரர் பிறகு தருமபுரம் மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்று, காசிக்குப் போனார். அங்கே ஆண்ட முகலாயர்களிடம் பேச இந்துஸ்தானி தெரியணும். சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளை வேண்டி அந்த மொழியையும் வசப்படுத்தினார் என்பார்கள். தாய்மொழியே தாமதமாக வந்த பிள்ளை, வேற்று மொழியில் பேசி, கங்கைக் கரையில் மடத்துக்கு இடம் வாங்கியது அப்படித்தான்.