கலபார் அவரையும் பேர்சி ஜூலியனும்

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் அவரை என்றொரு கொடி வளர்கின்றது. அதன் விதை கொடிய நஞ்சு. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அதனை உண்ணக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி, மாண்டால் குற்றவாளி எனத் தீர்க்கும் வழக்கமும் அங்கு இருந்தது. அவ்விதையிலுள்ள பைசோஸ்டிக்மின் என்னும் பொருளே, அளவோடு பயன்படுத்தினால், கண்ணழுத்த நோய்க்கு மருந்தாகும். அதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய பேர்சி ஜூலியனின் வரலாற்றை இங்கே காண்போம்.

இவர் 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். பாட்டனார் அடிமையாய் வாழ்ந்தவர். கறுப்பினப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் பயில அந்நகரில் அரசு உயர்நிலைப் பள்ளி இல்லை. எனவே 1916இல் இண்டியானா மாநிலத்து டிபாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், விடுபட்ட பள்ளிப் பாடங்களையும் பல்கலைக்கழகப் பாடங்களையும் ஒருங்கே கற்க வேண்டியதாயிற்று. வயிற்றுப் பாட்டுக்கு உணவு பரிமாறும் வேலையும் செய்தார். ஆயினும் 1920இல் முதல் மாணவராகத் தேறினார்! 1931இல் வியன்னாவில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பின்னர் டிபாவுக்கே திரும்பி, வியன்னா நண்பர் ஜோசப் பிக்லுடன் பைசோஸ்டிக்மின் ஆய்வில் இறங்கினார். தாவரம் தன்னுள் ஆக்கும் ஒரு பொருளின் அமைப்பு இன்னதென ஊகிக்கலாம். அப்பொருளை எளிய பொருள்களிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பி, இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டால்தான் ஊகம் உறுதிப்படும். அதே முயற்சியில் ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற பேராசிரியர் ராபர்ட் ராபின்சனும் ஈடுபட்டிருந்தார். அவர் வெளியிட்ட முடிவு பிழையானது என ஜூலியன் துணிந்து எழுதினார். தவறியிருந்தால் ஜூலியனின் ஆய்வு வாழ்வே முடிந்திருக்கும். உருகுநிலையை ஒப்பிட்டபோது ஜூலியன் பக்கமே உண்மை நின்றது. 1935இல் பைசோஸ்டிக்மின் முழுமையாக உருவாயிற்று.

இத்துணைச் சாதித்தும், நிறம் காரணமாக அப்பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. 1936இல் சிகாகோவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். கலபார் அவரை எண்ணெயில் முன்பே கண்ட ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் படிகப் பொருள் சோயா எண்ணெயிலும் உண்டு. ஒருமுறை பெரிய எண்ணெய்த் தொட்டியில் நீர் கசிந்து, எண்ணெய் கெட்டதென்று பலர் கலங்கினர். அடியில் படிந்த வெண்பொருள் ஸ்டிக்மாஸ்டெராலே என ஜூலியன் கண்டுகொண்டார். அதிலிருந்து, கருச்சிதைவைத் தடுக்க மருத்துவர் பயன்படுத்திய புரொஜெஸ்டெரோன் மிகுதியாகக் கிடைத்தது.

ஓக் பார்க் என்னும் ஊரில் அவர் வாங்கிய வீட்டுக்கு 1950இல் தீ வைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினர். குடும்பம் அவ்வூரை விட்டு அகலவில்லை. 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. 1975இல் அவர் இயற்கை எய்தினார். பதவி மறுத்த டிபாவ், 1980இல் தன் அறிவியல், கணித நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.