யோஹான் கூட்டன்பர்க்

ஜெர்மனி தேசத்து மைன்ஸ் நகரிலே ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டளவிற் பிறந்த கூட்டன்பர்க் என்பாரின் இளமையைக் குறித்து நாம் அறிவது சொற்பமே. அந்நாளில் ஐரோப்பாவில் நூலொன்று வேண்டுவோர், அதனைப் பல மாதம் கையால் எழுதுவித்தே பெறுவர். ஆதலின் கல்வி பெரும்பாலும் மடங்களுக்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்தது.

கொரியர் 1377-ஆம் ஆண்டிலேயே உலோக எழுத்தால் நூல் அச்சிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. கூட்டன்பர்க்கின் பெருமை வேறிடத்தது. ஈயம் முதலியவற்றை உருக்கி ஒரே அளவான எழுத்துக்களை ஆயிரக்கணக்கில் வார்த்தல், உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, திராட்சை பிழியும் பொறியை ஒத்த அழுத்துபொறி ஆகிய இவற்றையெல்லாம் ஒருங்கே பொருத்தி அவர் ஒரு தொழிலாக்கினார்.

இத்தொழிலுக்குப் பொருள் வேண்டுமன்றோ? யோஹான் பூஸ்ட் என்னும் செல்வர் 800 கில்டர் கடனாகவும், பின்னர் 800 கில்டர் தொழிற்பங்காகவும் ஈந்தார். இலத்தீன் வேதாகமம் ஏறக்குறைய 180 பிரதிகள் உருவாயின. 1455-இல், வேலை நிறைவேறிய தறுவாயில், பூஸ்ட் வட்டியும் முதலும் கேட்டு வழக்குத் தொடுத்து வென்றார். ஈந்த பொருளைக் கேட்டல் குற்றமன்று. கேட்ட காலம் கொடிது என்பதே நம் கருத்து. கூட்டன்பர்க்கிடம் பணிபுரிந்த பேதுரு ஷெஃபர் பூஸ்டின் பக்கஞ் சேர்ந்தார். 1457-இல் அவ்விருவரும் வெளியிட்ட சங்கீத நூலில் அவர்கள் பெயர் துலங்குகின்றது. கூட்டன்பர்க்கின் பெயரோ, அச்சிட்டோர் பெயராக எந்நூலிலும் இல்லை.

1500-ஆம் ஆண்டிற்குள் அச்சுக்கூடங்கள் இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிற் பரவின. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூலும் அச்சேறியது. மைன்ஸ் அத்தியட்சர் 1465-இல் அம்முதியவர்க்கு ஆண்டுதோறும் உடையும் தானியமும் திராட்சரசமும் அளிக்கக் கட்டளையிட்டார். 1468-இல் அவர் இறந்தார். அவரை அடக்கஞ் செய்ததாகக் கூறப்படும் கோயிலும் பின்னாளில் இடிக்கப்பட்டது.