கண் இமையைத் தூக்கி நிறுத்திய அறுவை சிகிச்சை: யார் இந்த ஆல்பிரட் பிளாலாக்?

ஆல்பிரட் பிளாலாக் என்றதும் மருத்துவ வரலாறு தெரிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது நீலக் குழந்தைகள்தான். பிறவி இதயக் கோளாறால் உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944-ல் வழி கண்டவர். ஆனால் அதற்கு 8 ஆண்டுகள் முன்பே இவர் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சைத் திறந்து ஒரு கட்டியை எடுத்தார். அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கட்டி இருந்தது இதயத்துக்கு முன்னால். அவளுக்கு இருந்த நோயோ கண் இமையிலும் தாடையிலும் கை கால்களிலும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நோயின் பெயர் மையஸ்தீனியா கிரேவிஸ். காலையில் எழும்போது ஆள் நன்றாகவே இருப்பார். நேரம் ஆக ஆக இமை தொங்கும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சாப்பாட்டைப் பாதி மெல்வதற்குள் தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேச குரல் மூக்கால் வரும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் திரும்பச் சரியாகும். இப்படி வந்து வந்து போவதால், சோம்பல் என்றும் மனசுதான் காரணம் என்றும் சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவது உண்டு. மூச்சுவிடும் தசைகளும் களைத்துப்போனால் உயிருக்கே ஆபத்து. பெயரில் இருக்கும் கிரேவிஸ் என்ற லத்தீன் சொல் அதைத்தான் குறிக்கிறது.

பிளாலாக் 1899 ஏப்ரல் 5-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கல்லோடன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1922-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் முடித்தார். அங்கேயே அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற வேண்டும் என்பது ஆசை. இடம் கிடைக்கவில்லை. 1925-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹாப்கின்ஸ் பெயருக்கு முன்னால் அன்று அது சின்ன இடம்தான். போன சில ஆண்டுகளில் காசநோயும் வந்தது, மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கை. எழுந்து வந்தவர் ஆய்வுக்கூடத்தில் புகுந்துகொண்டார்.

விபத்திலும் போரிலும் அடிபட்டவர்கள் ஏன் திடீரென்று ரத்த அழுத்தம் சரிந்து இறக்கிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. காயத்திலிருந்து ஏதோ நச்சு கிளம்பி உடலெங்கும் பரவுகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். இல்லை, ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தமும் நீரும் இழக்கப்படுவதே காரணம், இழந்ததை ஈடுகட்டினால் பிழைக்கலாம் என்று பிளாலாக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பிளாஸ்மாவும் ரத்தமும் ஏற்றிக் காப்பாற்றப்பட்ட எத்தனையோ வீரர்களுக்கு அந்த ஆய்வு ஒரு காரணம்.

அந்த ஆய்வுக்கூடத்தில் 1930-ல் வேலைக்குச் சேர்ந்தவர் விவியன் தாமஸ். 19 வயது கறுப்பின இளைஞர், தச்சு வேலை தெரிந்தவர். டாக்டராக வேண்டும் என்று சேர்த்த பணம் வங்கி திவாலானதில் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் சோதனை அறுவைகளையே செய்தவர் அவர். சம்பளப் பட்டியலில் அவருக்குப் போட்டிருந்த பதவியோ துப்புரவாளர். பிளாலாக்கின் வாழ்க்கையை எழுதும்போது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவது நியாயம் இல்லை. அவருடைய பெருமையில் பாதிக்கு மேல் தாமஸின் கைக்குச் சேர வேண்டியது.

இனி 1936. வாண்டர்பில்ட் மருத்துவமனைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு 20 வயதை ஒட்டி இருக்கும். மையஸ்தீனியா முற்றியிருந்தது. எக்ஸ்-ரேயில் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் சுரப்பி இருக்கும் இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது.

இந்த நோயால் இறந்த ஒருவரின் உடலில் தைமஸில் கட்டி இருந்ததை ஜெர்மன் மருத்துவர்கள் 1901-லேயே எழுதி வைத்திருந்தார்கள். சூரிக்கில் 1911-ல் வேறொரு காரணத்துக்காகத் தைமஸ் எடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்குத் தசைக் களைப்பும் குறைந்திருந்தது. ஆனால் தைமஸ் எதற்காக இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயதாக ஆகச் சுருங்கிப்போகும் ஏதோ ஒரு சதை, அவ்வளவுதான். மருந்து என்று பார்த்தால், லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் 1934-ல் கண்டுபிடித்த ஊசி ஒன்று இருந்தது. போட்டால் சில மணி நேரத்துக்கு இமை நிமிரும், பிறகு பழையபடி தொங்கும்.

மூச்சுத் தசைகளே எந்த நேரத்திலும் நின்றுபோகக்கூடிய நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து மார்பெலும்பைப் பிளப்பது அன்று எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். இன்றுள்ள வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அன்று கிடையாது. பிளாலாக் செய்தார். கட்டி வெளியே வந்தது. பெண் பிழைத்தாள், வலுவும் மெல்ல மெல்லத் திரும்பியது. அவசரப்பட்டு ஊரைக் கூட்டவில்லை. 3 ஆண்டுகள் கவனித்துவிட்டு 1939-ல்தான் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

1941-ல் ஹாப்கின்ஸே அவரை அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராக அழைத்தது. தாமஸும் உடன் வந்தார். அங்கே பிளாலாக் ஒரு படி மேலே போனார். கட்டி இல்லாத மையஸ்தீனியா நோயாளிகளுக்கும் தைமஸை முழுதாக எடுத்துப் பார்த்தார். 1944-க்குள் 20 பேர். பலர் தேறினார்கள், சிலர் அறுவையை ஒட்டியே இறந்தார்கள். அத்தோடு அவர் கவனம் இதயத்துக்குத் திரும்பிவிட்டது. குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் முன்வைத்த யோசனையில் அந்த ஆண்டு நவம்பர் 29-ல் முதல் நீலக் குழந்தை அறுவை நடந்தது. அதை ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பழகிய தாமஸ், பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் முக்காலி மேல் நின்று வழி சொன்னார்.

தைமஸ் வேலையைத் தொடர்ந்தவர் லண்டனில் ஜெப்ரி கெய்ன்ஸ், பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி. அவர் கண்டது ஒரு விசித்திரம். கட்டி இல்லாதவர்களுக்குத்தான் அறுவை நல்ல பலன் தந்தது, கட்டி உள்ளவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. வழி திறந்துவிட்டதே கட்டி உள்ள ஒரு பெண்தான்! அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்களோ 1950-ல், அறுவையால் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். இரு வகை நோயாளிகளையும் ஒன்றாகக் கலந்து பார்த்ததும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் பின்னால்தான் வந்தது. நோய் எதிர்ப்பு சக்தியின் டி செல்கள் பயிற்சி பெறும் இடம் தைமஸ் என்று 1961-ல் தெரிந்தது. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று அவை அங்கேதான் படிக்கின்றன. தைமஸில் கட்டி வந்தால் அந்தப் பாடம் தப்பாகப் போகலாம். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளையே எதிரி என்று நினைத்து உடல் தாக்க ஆரம்பிக்கும். இதற்கான எதிர்ப்பொருள்களுக்கு 1973-ல் ஆதாரம் கிடைத்தது. இதை எதையும் அறியாமலேதான் பிளாலாக் கத்தியை எடுத்தார்.

தைமோமா என்கிற இந்தக் கட்டி அபூர்வம். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மையஸ்தீனியா இருக்கும். மறுபக்கம், மையஸ்தீனியா நோயாளிகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு இந்தக் கட்டி இருக்கிறது. அதனால்தான் இமை தொங்குகிறது என்று போனால் டாக்டர் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எழுதுகிறார், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உறைக்குள் அடங்கி மெதுவாக வளரும் கட்டி என்பதால் முன்பு இதைச் சாதுவானது என்றே சொல்லிவந்தார்கள். பரவும் வாய்ப்பு எந்த வகையிலும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் இப்போது அப்படி விட்டுவிடுவதில்லை, முழுதாக எடுத்துவிட்டுத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். எடுத்த பிறகும் மாத்திரை தேவைப்படலாம். சிலருக்கு எடுத்த பிறகுதான் தசைக் களைப்பே தலைகாட்டும்.

1964 கோடையில் ஓய்வு பெற்ற பிளாலாக், அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் புற்றுநோயால் இறந்தார். விவியன் தாமஸுக்கு ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976-ல். கட்டி இல்லாத மையஸ்தீனியாவுக்கும் தைமஸை எடுப்பது பலன் தருமா என்ற சண்டை 2016-ல்தான் முடிந்தது. பல நாடுகளில் 126 பேரை 3 ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலு கூடியிருந்தது, ஸ்டீராய்டு மாத்திரையின் அளவும் குறைந்திருந்தது. நாஷ்வில் அறுவை நடந்து அப்போது 80 ஆண்டுகள் ஆகியிருந்தன.