சட்டை வியாபாரி துப்பாக்கி மன்னர் ஆனார்!

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். அங்கே 'கிரேட் பேசின்' என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம். பூங்கா ஊழியர்கள் ஒரு மரத்தடியில் பழைய துப்பாக்கி ஒன்றைக் கண்டார்கள்.

யாரோ மரத்தில் சாய்த்து வைத்தபடியே அது நின்றது. கட்டை வெடித்திருந்தது. அதன் அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. குழல் துருப்பிடித்திருந்தது.

அது எந்தக் காலத்துத் துப்பாக்கி?

இரும்பில் 'மாடல் 1873' என்று பொறித்திருந்தது. ஆனால், அது துப்பாக்கி செய்த ஆண்டு அல்ல. அந்த வகை முதலில் வெளிவந்த ஆண்டு. செய்த ஆண்டைக் காட்டிக்கொடுத்தது வரிசை எண்தான். கம்பெனியின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநில அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன. அதில் எண்ணைத் தேடினார்கள். 1882 என்று விடை கிடைத்தது!

கட்டையின் பின்புறப் பொந்தில் ஒரு தோட்டாவும் இருந்தது. அது '44-40' ரகம். 44 என்பது குண்டின் பருமன். ஓர் அங்குலத்தை 100 பங்கு வைத்தால் சுமார் 44 பங்கு. 40 என்பது மருந்தின் எடை; 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம்.

இந்தத் துப்பாக்கிக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் ஆலிவர் வின்செஸ்டர்.

தந்தையை இழந்த பிள்ளை

வின்செஸ்டர் 1810-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். குடும்பத்தில் வறுமை. சிறு வயதிலேயே பண்ணைகளில் வேலை செய்தார். பிறகு தச்சு வேலை கற்றார். பால்டிமோர் நகரில் துணிக்கடை வைத்தார்.

அந்தக் காலத்துச் சட்டைகள் கழுத்தை இழுத்துப் பிடிக்கும். அதைத் தடுக்கும் புதிய வெட்டு முறையை வின்செஸ்டர் கண்டுபிடித்தார். 1848-ல் அதற்கு உரிமை பெற்றார். நியூ ஹேவன் நகரில் சட்டைத் தொழிற்சாலை நடத்தினார். பணம் குவிந்தது.

16 குண்டுகள்

1855-ல் ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார். கம்பெனி நொடித்தது. வின்செஸ்டர் மனம் தளரவில்லை. 1857-ல் அதையே வாங்கிப் புதிதாக நடத்தினார்.

அங்கே ஹென்றி என்ற கைதேர்ந்த தொழிலாளி இருந்தார். 1860-ல் அவர் ஒரு புதுமை செய்தார். விசையின் அடியில் வளைந்த பிடி ஒன்று. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். வெறுந்தோட்டா வெளியே விழும். அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும். இப்படி 16 குண்டுகள்! மற்றத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவையோ ஒரு குண்டு சுட்டதும் மறுபடி கெட்டிக்கவேண்டியவை.

ஆனால், உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்கவில்லை என்ற மனக்குறை ஹென்றிக்கு இருந்தது. கம்பெனியைத் தம் கைக்குக் கொண்டுவர முயன்றார். முடியவில்லை. 1866-ல் வின்செஸ்டர் தம் பெயரிலேயே புதிய கம்பெனி தொடங்கினார். ஹென்றியின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு வின்செஸ்டர் கனெக்டிகட் மாநிலத்தின் துணை கவர்னரும் ஆனார்.

1880 டிசம்பர் 11-ந் தேதி வின்செஸ்டர் காலமானார். மூன்றே மாதத்தில் அவருடைய மகன் வில்லியமும் காசநோயால் இறந்தார்.

மரத்தடியில் கிடைத்த துப்பாக்கி 1882-ல் செய்ததல்லவா? அது வெளிவந்தபோது அப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெயர் மட்டும் இரும்பில் இருந்தது!