திருக்கோவிலூருக்கு வந்த இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் ஈரோடும் கும்பகோணமும் கேம்பிரிட்ஜும் நம் நினைவுக்கு வரும். திருக்கோவிலூர் வருவதில்லை. இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூருக்கு, 1910-ஆம் ஆண்டில், கையில் நோட்டுப் புத்தகங்களோடு வேலை கேட்டு வந்தவர் அவர்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கர். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகை நின்றால் கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகவேண்டியதுதான் என்பதை அறிந்தவன். ஆகவே, அவருடைய இங்கிலாந்துப் பெருமைகளைவிட இந்த ஆறு ஆண்டுகளே என் மனத்தை உறுத்துகின்றன.

அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது சாதாரண எழுத்தர் வேலை. நோட்டுகளைப் புரட்டிய ஐயர், இவரைத் தாலுகா ஆபீசில் அடைக்க மனமின்றி, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கிடைக்காமற் போனதும் நல்லதாயிற்று! 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார், 1913-இல் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கப்பல், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

அவர் கண்ட உண்மைகளில் ஒன்று நம் வகுப்புப் பாடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 9-ஐ 30 வகையாகப் பிரிக்கலாம். 4, 9, 14 என்று 4-லோ 9-லோ முடியும் எந்த எண்ணுக்கும் பிரிவினைகளின் தொகை 5-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1919-இல் இராமானுஜன் நிறுவினார். ஆனால் அவற்றை ஐந்து சமக் கூறாகப் பங்கிடுவது எப்படி? அதற்கு அவர் விடை சொல்லவில்லை. 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் மறைந்தார்.

புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வரிசையில் மூன்று, அதன்மேல் இடப்பக்கம் ஒன்று வையுங்கள். இது 3+1. ஆயத்தொலைகள் (1,1), (2,1), (3,1), (1,2). கிடை அச்சில் பிரதிபலித்தால் இரண்டாம் எண்ணின் குறி மாறும். கோமுகி அணைத் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிவதுபோல. குத்து அச்சில் முதல் எண்ணின் குறி மாறும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே செல்லும் மூலைக்கோட்டில் பிரதிபலித்தாலோ இரண்டு எண்களும் இடம் மாறும்: (1,1), (1,2), (1,3), (2,1). இப்போது வரிசைகளை எண்ணுங்கள். 2+1+1!

1944-இல் ஃப்ரீமன் டைசன் என்னும் இருபது வயது இளைஞர் ஒரு வழி சொன்னார். மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 4-இன் ஐந்து பிரிவினைகளுக்கும் முறையே 3, 1, 0, -1, -3 கிடைக்கும். 5-ஆல் வகுத்தால் மீதிகள் 3, 1, 0, 4, 2. ஒவ்வொன்றும் ஒரு முறை! மூலைக்கோட்டில் பிரதிபலித்தால் இந்த எண்ணின் குறி மாறுகிறது. எனவே மீதி 1-உம் 4-உம் சமம், 2-உம் 3-உம் சமம் என்பது நம்மைப் போன்றவருக்கே எளிதில் விளங்கும். ஐந்தும் சமம் என்று நிறுவ மட்டும் பத்தாண்டு பிடித்தது. 1954-இல் அட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டையரும் அதை முடித்தார்கள்.

டைசன் தம் ஊகத்தை முதலில் அச்சேற்றியது கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கணிதப் பத்திரிகை ஒன்றில்.