ஒரு சக்கரம் மட்டும் சுத்துதா? அப்போ போர்ஷேவின் கதை உங்களுக்குத்தான்!

மெரினாவில் ஆர்வக்கோளாறில் மணலில் இறக்கப்பட்ட காரை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு சக்கரம் மட்டும் மணலை வாரி இறைக்கும். இன்னொரு பக்கச் சக்கரம் 'எனக்கென்ன வந்துச்சு' என்று சும்மா நிற்கும். கடைசியில் திருவல்லிக்கேணிப் பசங்க நாலு பேர் வந்து தள்ளினால்தான் வண்டி வெளியே வரும்.

1930-களில் இதே பிரச்னை ஒரு பெரிய இன்ஜினீயருக்கு ரேஸ் டிராக்கில் தலைவலி கொடுத்தது. அவர் பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமாம், உங்கள் போன் வால்பேப்பரில் இருக்கும் அதே போர்ஷேதான்!

முதலில் மேட்டரைப் புரிந்துகொள்வோம். பார்த்தசாரதி கோயில் தேர் மாட வீதி முனையில் திரும்புவதைக் கவனியுங்கள். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவான தூரம் போனால் போதும். தேருக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். காரில் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். ஆனால், அதில் ஒரு சிக்கல் உண்டு. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கினால், மறு சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம் விசைதான் கிடைக்கும்.

போர்ஷே பிறந்தது 1875-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒரு சிற்றூரில். அப்பா தகரப் பட்டறை வைத்திருந்தார். பகலில் பட்டறை வேலை, மாலையில் தொழில்நுட்ப வகுப்பு. 18 வயதில் வியன்னா போய் ஒரு மின்சாதன கம்பெனியில் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. ஆனாலும், நேரம் கிடைக்கும்போது வகுப்புக்குள் நைஸாக நுழைந்து பாடம் கேட்டார்.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வடிவமைத்த லோனர் மின்சார கார் நின்றது. முன் சக்கரங்களின் மையத்திலேயே ஆளுக்கொரு மோட்டார். அதனால் கியர்பாக்ஸும் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது! இன்று நம் தெருவில் ஓடும் பல மின்சார ஸ்கூட்டர்களில் சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிறதே, அதே யோசனைதான்.

பிறகு ஆஸ்ட்ரோ டைம்லர், மெர்சிடிஸ் என்று சுற்றிவிட்டு, 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த டிசைன் அலுவலகம் திறந்தார். அங்கேதான் ஆட்டோ யூனியன் ரேஸ் கார் உருவானது. 16 சிலிண்டர் இன்ஜின், அதுவும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால். செம பவர்! ஆனால், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட பின்பக்கம் ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றது. பவர் இருந்து என்ன பயன், தரையில் இறங்கினால்தானே?

1935-ல் அவர் இசட்.எஃப். நிறுவனத்திடம் போனார். ஒரு சக்கரம் ஓவராகச் சுற்றத் தொடங்கினால் உள்ளே உராய்வு ஏறி, விசை அடுத்த சக்கரத்துக்கும் போக வேண்டும் என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அடுத்த வருடமே பெர்ண்ட் ரோஸ்மேயர் ஆட்டோ யூனியன் காரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வாங்கி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பார்ட்ஸ் தேடி அலைபவரா நீங்கள்? அப்போ இதைக் கேளுங்கள். பிளேட் வகை எல்.எஸ்.டி. என்றால் பிளேட்டுகள் தேயும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை ஆஃப் செய்து, கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது, இறுக்கமாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. ஹெலிக்கல் கியர் வகைக்கு மாற்றினால் சத்தமும் தேய்மானமும் குறைவு. ஆனால், ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அது பெரிதாக உதவாது. பிளேட் வகை அப்போதும் கொஞ்சம் இழுக்கும். எதைப் போட்டாலும் அதற்கென்று சொல்லியிருக்கும் கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதோடு முடித்தால் இது வெறும் ஹீரோ கதை. ஆனால் அப்படி முடிக்க முடியாது. அந்த ரேஸ் கார்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஹிட்லர் அரசும் உண்டு. மக்கள் காரான ஃபோக்ஸ்வேகனை வடிவமைக்கும் வேலையும் அந்த அரசிடமிருந்துதான் வந்தது. 1937-ல் போர்ஷே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போர் வந்ததும் டாங்கிகள் வடிவமைத்தார். அவர் பொறுப்பில் இருந்த ஃபோக்ஸ்வேகன் ஆலையில், பிடித்து வரப்பட்ட மனிதர்கள் கட்டாய வேலை செய்தார்கள்.

1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைது செய்தார்கள். மகன் ஃபெர்ரி, இத்தாலியின் சிசிடாலியா ரேஸ் கார் வேலையை எடுத்து, அதில் வந்த பணத்தைக் கட்டினார். 1947 ஆகஸ்ட்டில் போர்ஷே வெளியே வந்தார். அடுத்த வருடம் மகன் உருவாக்கிய 356 காரில் குடும்பப் பெயர் ஏறியது. 1951 ஜனவரி 30-ல், 75 வயதில் போர்ஷே காலமானார்.

சக்கரம் வழுக்கினால் எப்படித் தடுப்பது என்று யோசித்த அதே மூளை, 'இந்த வேலையை யாருக்காகச் செய்கிறோம்?' என்ற இடத்தில் பிரேக் போடவில்லை. கோடிங்கோ கார் டிசைனோ, நாளைக்கு உங்கள் திறமையைத் தேடியும் பெரிய ஆஃபர் வரலாம். சம்பளத்தைப் பாருங்கள், தப்பில்லை. கூடவே, வண்டி எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை கேட்டுவிட்டு ஏறுங்கள்.