போர்க்களத்து மருத்துவர் லாறே

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓரிரவு, முன்கை எலும்பு முறிந்த என் மருமகனை வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். எமக்குப் பின்னர் வந்த தொழிலாளி ஒருவர் நேரே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கடமையிலிருந்த வைத்தியரோ என்னிடம் தமிழ் கற்றவர். அவ்வுரிமையோடு, முந்தி வந்தோர் நாமன்றோ என வினவினேன். வயிற்றினுள்ளே குருதி பெருகுகின்றவர் தாமதத்தைத் தாங்கார் என்றும், முறிந்த கை சிறிது பொறுக்கும் என்றும் அவர் பணிவோடு விளக்கினார். நாணித் திரும்பினேன். இம்முறையின் மூலத்தைத் தேடியபோது, டொமினிக் ழான் லாறே என்னும் பிரெஞ்சுச் சத்திரவைத்தியரின் வரலாறு என் கைக்கு எட்டியது.

லாறே 1766 ஆம் ஆண்டு பிரனீசு மலைச்சாரலில் ஒரு சிற்றூரிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்த அவருக்குத் துலூசு நகரிற் சத்திரவைத்தியராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் தொழில் பயிற்றினார். 1792 இல் அவர் றைன் நதிப் படையிற் சேர்ந்தார். காயமுற்றோரை ஏற்றும் வண்டிகள் படைக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர் பின்னே நிற்றல் வேண்டும் என்பது அக்கால விதி. போர் ஓய்ந்த பின்னரே அவை களம் புகும். அதற்குள் எத்தனையோ உயிர்கள் நீங்கிவிடும்.

குதிரைகள் பீரங்கிகளை விரைந்து இழுத்துச் செல்வதைக் கண்ட லாறே, மனிதரையும் அவ்வாறு மீட்கலாகாதோ எனச் சிந்தித்தார். அதன் பயனே பறக்கும் அம்புலன்சு என்னும் இலகு வண்டி. 1797 இல் இத்தாலியிலே 340 பேர் கொண்ட அணியை அமைத்து, மூன்று பிரிவாக வகுத்தார். பிரிவொன்றுக்கு 12 இலகு வண்டிகளும் 4 பார வண்டிகளும் இருந்தன. எகிப்திலோ ஒட்டகங்களின் இருபுறமும் கூடைகள் கட்டிக் காயமுற்றோரைச் சுமப்பித்தார். சிதைந்த உறுப்பை முதல் 24 மணி நேரத்துள் அகற்றினால் உயிர் தப்புவோர் மிகுவர் என்பது அவர் அநுபவத்திற் கண்ட உண்மை.

வண்டியினும் பெரிது அவர் வகுத்த நெறி. கடுங்காயமுற்றவரே முதலிற் கவனிக்கப்படல் வேண்டும். பதவியும் நாடும் பார்த்தலாகாது. படைத்தலைவனாயினும் சிறுகாயமெனிற் காத்திருத்தல் வேண்டும். பகைவனாயினும் பெருங்காயமெனில் முந்துதல் வேண்டும்.

அந்நெறி அவர் உயிரையே காத்தது. 1815 இல் வாட்டர்லூவிற் பிரசியர் அவரைச் சிறைப்பிடித்துச் சுட்டுக் கொல்ல முனைந்தனர். முன்பு அவருடைய விரிவுரைகளைக் கேட்டிருந்த செர்மானிய வைத்தியர் ஒருவர் அவரை இனங்கண்டார். பிரசியத் தளபதி புளூக்கரின் மகனுக்கும் லாறே ஒருகாற் சிகிச்சை செய்திருந்தார். தளபதி அவரை விடுவித்தார். நெப்போலியன் தமது மரண சாசனத்தில் அவரைத் தாம் அறிந்தோருள் மிகச் சிறந்த அறவோர் எனப் போற்றி, 100,000 பிராங்கு வழங்குமாறு பணித்தார். 1842 இல் லாறே மறைந்தார்.

சத்திரவைத்தியரின் கத்தி எத்துணைக் கூரியதாயினும், உரியவர் உரிய நேரத்தில் அதனிடம் வந்து சேராவிடிற் பயனில்லை. சேர்ப்பிக்கும் ஒழுங்கும் சிகிச்சையின் ஒரு கூறேயாம். அன்றிரவு என் மருமகனின் கை விடியற்பொழுதிலே கட்டப்பட்டது. செவ்வனே பொருந்தியும் விட்டது. அத்தொழிலாளியும் பிழைத்தார் எனப் பின்னர் அறிந்தேன். என் சொல் அங்கே எடுபட்டிருந்தால் என்னவாயிருக்கும் என்பதை எண்ண இன்றும் என் உள்ளம் நடுங்குகின்றது.